கிரேடு வேறு, தழும்பு வேறு: கொழுப்பு ஈரலுக்கு வந்திருக்கும் மருந்துகள்

கோத்தகிரியில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு, ஊரில் எந்த நோய் கூடுகிறது என்பது டாக்டர் சீட்டிலேயே தெரிந்துவிடும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் இருமல், ஆஸ்துமா, அல்சர், பிரஷர் என்றுதான் சீட்டுகள் வரும். இப்போது வாரத்துக்குப் பத்துப் பேராவது ஸ்கேன் ரிப்போர்ட்டை நாலாக மடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். வயிற்று வலிக்கோ கிட்னிக் கல்லுக்கோ எடுத்த ஸ்கேனாக இருக்கும். கடைசி வரியில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று எழுதியிருக்கும்.

போன ஆவணியில் அப்படி ஒருவர் வந்தார். 52 வயது, ஜீப் ஓட்டுகிறவர், பத்து வருடமாக சுகர். ரிப்போர்ட்டைக் கண்ணாடி மேல் விரித்து வைத்தார். “தம்பி, ஈரல்ல கொழுப்பு ரெண்டாவது கட்டத்துக்குப் போயிடுச்சாம். இதுக்கு வாரம் ஒரு ஊசி வந்திருக்குன்னு ஃபோன்ல பார்த்தேன். உங்ககிட்ட இருக்கா?”

அவருடைய கேள்வியில் ஒரு தவறான புரிதல் ஒளிந்திருந்தது. இதைப் படிக்கிற பலரிடமும் அது இருக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் வரும் கிரேடு என்பது ஈரல் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பதற்கான கணக்கு. பக்கத்தில் இருக்கும் கிட்னியோடு ஒப்பிட்டு, கொஞ்சம் வெளுத்திருந்தால் 1, நன்றாக வெளுத்திருந்தால் 2, உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்களும் உதரவிதானமும் மறைகிற அளவுக்கு வெளுத்திருந்தால் 3. அது கொழுப்பின் அளவைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஈரல் கெட்டிருக்கிறதா என்று சொல்வது வேறொரு ஏணி. அதை எஃப்0 முதல் எஃப்4 வரை எண்ணுவார்கள். எஃப்0 என்றால் தழும்பே இல்லை. எஃப்4 என்றால் சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறிச் சுருங்கிப்போன நிலை. கிரேடு 2 உள்ளவருக்கு எஃப்0 இருக்கலாம். கிரேடு 1 உள்ளவருக்கு எஃப்3 இருக்கலாம். தழும்பு முற்ற முற்ற ஈரலில் கொழுப்பு குறைந்துவிடுவதும் உண்டு. அப்போது ஸ்கேன் ‘நன்றாகிவிட்டது’ போலக்கூடக் காட்டும்.

புதிதாக வந்திருக்கும் மருந்துகள் எல்லாம் இந்த இரண்டாவது ஏணியைப் பார்த்துக் கொடுக்கிற மருந்துகள். அதனால் ‘எனக்கு எந்த மாத்திரை’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எனக்குத் தழும்பு இருக்கிறதா’ என்று கேட்க வேண்டும். மலையில் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

சரி, இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? ஈரலின் அணுக்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு ஏறினால் அது கொழுப்பு ஈரல். அப்படி ஏறிய கொழுப்பின் மூலத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் அடையாளக் குறி போட்டுப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 59 சதவீதம் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்புத் திசுவிலிருந்து கசிந்து வந்தது. 26 சதவீதம் ஈரலே மாவையும் சர்க்கரையையும் கொண்டு புதிதாக உண்டாக்கியது. சாப்பாட்டில் இருந்த எண்ணெயும் நெய்யும் நேராக வந்து சேர்ந்தது 15 சதவீதம் மட்டுமே.

இந்த 26ஐ நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். “எண்ணெய்ப் பலகாரமே விட்டுட்டேன் தம்பி” என்பவர்கள் கையில் டீ கிளாஸ் இருக்கும். எங்கள் ஊர்க் குளிருக்கு ஒரு நாளைக்கு எட்டு டீ என்பது சாதாரணம். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் பதினாறு ஸ்பூன். ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று வைத்தாலும் 80 கிராம். அதில் பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸைப் போல உடம்பு முழுக்கப் பரவிச் செலவாகாமல், ஃபிரக்டோஸின் பெரும்பகுதி ஈரலுக்கே போகிறது. அங்கே கொழுப்பாக மாற அதற்கு வழி சுலபம். கூடவே ஒரு வர்க்கி. எங்கள் ஊர் வர்க்கியைப் பிட்டால் அடுக்கடுக்காகப் பிரியும். அந்த அடுக்குகளைப் பிரித்து வைத்திருப்பது மைதாவுக்கு நடுவே தேய்த்த வனஸ்பதிதான். பேக்கரி அடுப்பிலிருந்து சூடாக வரும்போது அதன் வாசனை தெருமுனை வரை வரும். நானும் விரும்பிச் சாப்பிடுகிறவன்தான். ஆனால் நாலு வர்க்கியும் சர்க்கரை டீயும் காலைச் சாப்பாடாகவே ஆகிவிட்ட வீடுகள் இங்கே நிறைய. அவர்கள் தாத்தா காலத்தில் அந்த இடத்தில் ராகிக் களியும் சாமையும் அவரைக்காய்க் குழம்பும் இருந்தன. தோட்டத்துக்குப் போவதும் வருவதும் நடைதான்.

கொழுப்பு ஏறியவர்கள் எல்லாருக்கும் ஈரல் கெடுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது அப்படியே கிடக்கும். ஒரு பகுதியினருக்கு மட்டும் கொழுப்போடு அழற்சியும் சேர்ந்து அணுக்கள் வீங்கிச் சாகின்றன. காயம் ஆறிய தோலில் தழும்பு விழுவதைப் போல ஈரலிலும் விழுகிறது. முன்பு இந்த நிலையை நாஷ் என்றார்கள். 2023 ஜூனில் உலகம் முழுக்க உள்ள ஈரல் மருத்துவச் சங்கங்கள் கூடிப் பெயரை மாற்றின. இப்போது நோய்க்கு மொத்தமாக மாசல்டி, அழற்சி சேர்ந்த வகைக்கு மாஷ். ‘மது சாராத’ என்று எதிர்மறையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை விட்டு, உடல் பருமன், சுகர், பிரஷர், ரத்தக் கொழுப்பு ஆகியவற்றோடு இருக்கும் உறவை இந்தப் பெயர் முன்னால் கொண்டுவருகிறது. சீட்டில் இரண்டு பெயரும் வரும். பயப்பட வேண்டாம், ஒரே நோய்தான்.

‘நான் ஒண்ணும் குண்டா இல்லையே’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஆட்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே எடை அதிகம், 25ஐத் தாண்டினால் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருப்பவர்களை மலையில் எங்கே பார்த்தாலும் பார்க்கலாம். அந்தத் தொப்பைக்குள் இருக்கும் கொழுப்புதான் ஈரலுக்குக் கசிகிற கொழுப்பு. பரம்பரைக்கும் பங்கு உண்டு. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருந்தால் ஒல்லியானவருக்கும் ஈரலில் கொழுப்பும் தழும்பும் வர வாய்ப்புக் கூடுகிறது என்பது 2008 முதலே தெரியும்.

தழும்பைத் தேடுவதற்கு முதலில் வேண்டியது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. ஜீப்காரர் கொண்டு வந்த காகிதங்களுக்கு நடுவில் அதுவும் இருந்தது. எஸ்.ஜி.ஓ.டி 48, எஸ்.ஜி.பி.டி 64 (இரண்டும் ஈரல் அணுக்கள் காயப்பட்டால் ரத்தத்தில் கூடுகிற நொதிகள்), பிளேட்லெட் 1,80,000. இந்த மூன்றோடு வயதையும் சேர்த்தால் ஃபிப்-4 என்ற கணக்குப் போடலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி-யால் பெருக்க வேண்டும். 52 பெருக்கல் 48, அது 2,496. பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி-யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 180 பெருக்கல் 8, அது 1,440. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 1.73.

1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த எல்லையை 2 என்று வைத்துக்கொள்கிறார்கள். 2.67க்கு மேலே இருந்தால் உடனே ஈரல் டாக்டரைப் பார்க்க வேண்டும். இவருடைய 1.73 இரண்டுக்கும் நடுவில். அதே வாரம் வந்த இன்னொரு அக்காவுக்கும் கிரேடு 2 என்றுதான் ரிப்போர்ட். வயது 38, எஸ்.ஜி.ஓ.டி 30, எஸ்.ஜி.பி.டி 49, பிளேட்லெட் 2,60,000. கணக்குப் போட்டால் 0.63. ஒரே கிரேடு, ஆனால் இரண்டு பேரும் போக வேண்டிய வழி வேறு. 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரியாக வேலை செய்யாது. காய்ச்சலோ வேறு திடீர் நோயோ இருக்கும்போது எடுத்த ரத்தத்தை வைத்தும் போடக் கூடாது. எஸ்.ஜி.பி.டி நார்மலாக இருப்பதால் ஈரல் நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. தழும்பேறிய ஈரலிலும் அது நார்மலாக வரும்.

நடுவில் மாட்டியவர்களுக்கு அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். எங்கள் பக்கத்து ஆட்கள் இதற்குப் பெரும்பாலும் கோயம்புத்தூர்தான் போகிறார்கள். மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காலையில் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினால் மலை இறங்கிப் போய்ச் சேருவதற்குள் அந்த மூன்று மணி நேரம் தானாகவே கழிந்துவிடும், வழியில் டீ குடிக்காமல் இருந்தால். வலது விலா எலும்புக்கு நடுவே ஜெல் தடவி, ஒரு குழலை வைத்து மெதுவாகத் தட்டுவார்கள். கதவைத் தட்டுவது போல ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான், வலி கிடையாது. அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கருவி அளக்கிறது. ஈரல் கெட்டியாக இருந்தால் வேகம் கூடும். பத்து முறை தட்டி, நடு எண்ணை எடுத்துக் கிலோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். 8க்குக் கீழே என்றால் ஆறுதல். 12க்கு மேலே என்றால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகமாக இருந்தால் ஊசி போட்டுத் துளி ஈரல் எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி இருக்கிறது, இப்போது அது எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை.

இனி மருந்துகளுக்கு வருகிறேன். கவுண்டரில் அதிகமாகப் போகிறவற்றிலிருந்து ஆரம்பித்தால்தான் நியாயம். உர்சோ மாத்திரை, சிலிமரின் கேப்சூல், அப்புறம் பல பெயர்களில் வரும் லிவர் டானிக். உர்சோவுக்கு வேறு சில ஈரல் நோய்களில் உண்மையான வேலை உண்டு. ஆனால் கொழுப்பு ஈரலில் அது தழும்பையோ அழற்சியையோ குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. சிலிமரினுக்கும் பெரிய பயாப்ஸி ஆய்வில் தேறிய வரலாறு இல்லை. மெட்ஃபார்மின் சுகருக்கு நல்ல மருந்து, ஈரல் தழும்புக்குப் பலன் தருவதாகத் தெரியவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் டானிக்குக்கே செலவழிக்கிற தோட்டத் தொழிலாளிகளை எனக்குத் தெரியும். அந்தப் பணம் கையிலிருந்து போவதைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

வைட்டமின் ஈ கொஞ்சம் வேறு கதை. 2010இல் வெளிவந்த பிவென்ஸ் ஆய்வில், சுகர் இல்லாத 247 பேரை மூன்று பிரிவாக்கி 96 வாரம் கவனித்தார்கள். தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் தழும்பு குறைந்ததாக நிரூபிக்கவில்லை. அந்த 43 சதவீதமும் சுகர் இல்லாதவர்களின் கணக்கு. வேறொரு பெரிய ஆய்வில், தினம் 400 யூனிட் சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது 2011இல் தெரியவந்தது. வைட்டமின் ஈ உள்ள பச்சைக் கலர் எவியான் கேப்சூலைத் தலைமுடிக்கும் தோலுக்கும் என்று சீட்டு இல்லாமலே கேட்டு வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதே பிவென்ஸ் ஆய்வில் பயோகிளிட்டசோன் என்ற பழைய சுகர் மாத்திரையும் இருந்தது. அதில் அழற்சி அடங்கியது, இன்சுலினுக்கு உடம்பு மசிந்தது, ஆனால் எடை ஏறியது. கால் வீக்கம், எலும்பு முறிவு என்று பக்கவிளைவுகள் உண்டு, இதயப் பலவீனம் உள்ளவர்களுக்கு ஆபத்து. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் மத்திய அரசு 2013 ஜூனில் இதன் விற்பனையை நிறுத்தி, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது. அந்த ஒரு மாதம் கடைக்கு வந்தவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

நம் நாட்டிலேயே உருவான மருந்து ஒன்று உண்டு. சரோகிளிட்டசார், குஜராத்தின் சைடஸ் கம்பெனி கண்டுபிடித்தது. 2013இல் சுகர்க்காரர்களின் ரத்தக் கொழுப்புக்கு என்று வந்தது. 2020 மார்ச்சில், சிரோசிஸ் ஆகாத நாஷ் நோய்க்கும் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. 106 பேரை வைத்து 16 வாரம் நடந்த ஆய்வில், 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களின் எஸ்.ஜி.பி.டி 45.8 சதவீதம் குறைந்தது, ஈரல் கொழுப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தழும்பு கரைந்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை. 16 வாரத்தில் அதைச் சொல்லவும் முடியாது. சீட்டில் இந்த மாத்திரை அடிக்கடி வருகிறது. எடுத்துக்கொள்கிறவர்கள் ரத்தத்தில் எண் இறங்கியதைப் பார்த்து ஈரலே சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தழும்பைத் தொடுவதாகப் பயாப்ஸியில் காட்டி அமெரிக்க அனுமதி வாங்கிய முதல் மருந்து வர 2024 மார்ச் ஆனது. அதற்கு முன் எத்தனையோ மருந்துகள் தோற்றன. ஒபெட்டிகோலிக் ஆசிட் என்ற மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ 2020இலும் 2023இலும் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. தேறி வந்த மருந்தின் பெயர் ரெஸ்மெடிரோம். தைராய்டு சுரப்பு ஈரலில் கொழுப்பை எரிக்கச் சொல்லும், அதே சுரப்பு இதயத்தைப் படபடக்கவும் வைக்கும், எலும்பையும் அரிக்கும். இந்தச் சுரப்பு வந்து உட்காருவதற்கு அணுக்களில் இரண்டு விதமான இடங்கள், அதாவது ஏற்பிகள், இருக்கின்றன. ஈரலில் அதிகம் இருப்பது பீட்டா வகை, இதயத்தில் அதிகம் இருப்பது ஆல்பா வகை. பீட்டாவை மட்டும் தட்டி எழுப்புகிற மாதிரி ஒரு மாத்திரை செய்தார்கள். ஈரல் தன் கொழுப்பைத் தானே எரிக்க, இதயம் பாட்டுக்கு இருக்கும். 966 பேரை 52 வாரம் கவனித்த ஆய்வில், 100 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 29.9 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது, வெறும் மாத்திரையில் 9.7 சதவீதம். தழும்பு ஒரு படியாவது இறங்கியது 25.9 சதவீதம் பேருக்கு, வெறும் மாத்திரையில் 14.2. எடையை இது குறைக்காது. அமெரிக்காவில் வரும்போது வருடத்துக்கு 47,400 டாலர் என்று விலை வைத்தார்கள்.

அடுத்ததுதான் ஜீப்காரர் ஃபோனில் பார்த்த ஊசி. செமாகுளூடைடு, வாரம் ஒருமுறை. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் நகல் அது. இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும், மூளையில் பசியை அடக்கும், இன்சுலினைத் தேவைக்கு ஏற்பச் சுரக்க வைக்கும். ஈரல் அணுக்களில் இந்த மருந்து உட்காருவதற்கு ஏற்பி இருப்பதாகவே தெரியவில்லை. பின்னே ஈரல் எப்படித் தேறுகிறது? மேலே சொன்ன 59 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொப்பை வற்றினால் ஈரலுக்குக் கசிகிற கொழுப்பு வற்றுகிறது, சாப்பாடு குறைந்தால் ஈரல் புதிதாக உண்டாக்குவதும் குறைகிறது. எஸென்ஸ் என்ற ஆய்வின் முதல் பகுதியில் எஃப்2, எஃப்3 தழும்பு உள்ள 800 பேர். 72 வாரம் கழித்துப் பார்த்ததில் 62.9 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது, 36.8 சதவீதம் பேருக்குத் தழும்பு ஒரு படியாவது இறங்கியது, எடை சராசரியாக 10.5 சதவீதம் குறைந்தது. இதை வைத்து 2025 ஆகஸ்டில் அமெரிக்க அனுமதி வந்தது. சிரோசிஸ் ஆனவர்களுக்கு இந்த அனுமதி கிடையாது. இது துரித அனுமதி என்பதையும் சொல்ல வேண்டும். ஈரல் செயலிழப்பையும் சாவையும் உண்மையில் குறைக்கிறதா என்று பார்க்க அந்த ஆய்வு 240 வாரம் வரை போகிறது. ஆய்வு நடந்தது 2.4 மில்லிகிராம் ஊசியில். சுகருக்குக் கொடுக்கும் செமாகுளூடைடு மாத்திரைக்கு இந்த எண்களைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

டிர்செபடைடு என்ற இன்னொரு வார ஊசி, ஜிஎல்பி-1ஓடு இன்னும் ஒரு ஹார்மோனைச் சேர்த்துப் பிடிக்கிறது. 190 பேரை வைத்த இரண்டாம் கட்ட ஆய்வில் அதிக அளவு மருந்து போட்டவர்களில் 62 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது, வெறும் ஊசியில் 10 சதவீதம். ஈரலுக்கென்று பெரிய ஆய்வு முடிந்த பிறகுதான் இதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும்.

எஸென்ஸ் ஆய்வில் யாரும் பெரிதாகப் பேசாத ஓர் எண் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் 34.3 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது. மூன்றில் ஒருவர்! ஆய்வில் சேர்ந்ததும் சாப்பாட்டைக் கவனித்திருப்பார்கள், குடியைக் குறைத்திருப்பார்கள், கொஞ்சம் நடந்திருப்பார்கள். பயாப்ஸியில் எடுக்கிற துளி இடத்துக்கு இடம் மாறுவதும் இதில் கலந்திருக்கும். எப்படியானாலும் ஈரல் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிற உறுப்பு. ‘டானிக் குடிச்சேன், சரியாயிடுச்சு’ என்று சத்தியம் செய்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. டானிக் குடிக்காமல் இருந்திருந்தாலும் அவர்களில் பலருக்குச் சரியாகியிருக்கும்.

மூலிகைக்கும் இதே பதில்தான், கூடவே ஓர் எச்சரிக்கை. கொரோனா நேரத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்தவர்களில் சிலருக்கு மஞ்சள் காமாலையோடு ஈரல் பாதிப்பு வந்ததை மும்பை டாக்டர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே தழும்புள்ள ஈரல் மேல் தெரியாத கஷாயத்தை ஊற்றுவது துணிச்சல் இல்லை.

இன்னொரு தவறு கடையில் அடிக்கடி நடக்கிறது. எஸ்.ஜி.பி.டி கொஞ்சம் ஏறியதும் ‘ஈரலுக்கு ஆகாது’ என்று கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டாட்டின் என்ற அந்த மாத்திரை கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானது. இவர்கள் சாவுக்கு முதல் காரணம் ஈரல் கிடையாது, இதயம். இதயத்தைக் காக்கிற அந்த மாத்திரையைத்தான் நிறுத்துகிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ஊசிக்குத் திரும்புவோம். இந்தியாவில் டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளூடைடு அதே வருடம் ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. வந்தபோது டிர்செபடைடு 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரம் ஒன்று, மாதம் 17,500. பச்சைத்தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 875 கிலோ இலையைப் பறித்துச் சுமந்து பேக்டரியில் போட்ட காசு. சிறு விவசாயிக்கு இது நடக்கிற காரியமா? செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதற்குப் பிறகு உள்ளூர்க் கம்பெனிகள் தயாரிக்கத் தடை இல்லை என்பது மலைக்காரர்களுக்கு முக்கியமான செய்தி.

விலை குறைந்தால் எல்லாரும் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. செமாகுளூடைடை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நாலு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி, முழு அளவுக்கு வரவே 16 வாரம் ஆகும். அவசரப்பட்டு ஏற்றினால் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல். பித்தப்பைக் கல்லும் அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் போடவே கூடாது. கொழுப்போடு சதையும் கரையும், அதனால் பருப்பு, முட்டை, அவரை என்று புரதமும் உடல் உழைப்பும் சேர வேண்டும். நிறுத்தினால் எடை திரும்பும். எடைக்கான ஆய்வு ஒன்றில் ஊசியை நிறுத்திய ஒரே வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. தழும்பே இல்லாத ஒருவர் கடன் வாங்கி ஆறு மாதம் போட்டுவிட்டு நிறுத்துவதில் என்ன பயன் இருக்கிறது?

வைத்துக்கொள்வதிலும் கவனம் வேண்டும். கீழ்நாட்டில் வெயிலுக்குப் பயப்படுவார்கள். இங்கே ஐப்பசி மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் போனாலும், வீட்டுக்குள் இருக்கும் குளிருக்கு ஊசி மருந்து கெடாது. இங்கே பயப்பட வேண்டியது உறைவதற்கு. ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழ்த்தட்டில், பின் சுவரை ஒட்டி வைத்து உறைந்துபோன ஊசியைக் கொண்டு வந்து ‘இளக வெச்சுப் போடலாமா’ என்று கேட்டார் ஒருவர். கூடாது. உறைந்தது உறைந்ததுதான், தூக்கிப் போட வேண்டும். கதவுத் தட்டே போதும்.

0.63 வந்த அக்காவுக்கு டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. 78 கிலோ எடையில் 7 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னார். ஐந்தரைக் கிலோ. இந்தக் கணக்கு கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வோடு ஒத்துப்போகிறது. எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு இறங்குகிறது, 7 சதவீதத்துக்கு மேல் போனால் அழற்சி அடங்குகிறது, 10 சதவீதத்தைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தழும்பும் பின்வாங்கியது. மாத்திரையும் ஊசியும் கொடுக்கிற பலனுக்கு இது சளைத்தது இல்லை. கஷ்டம், எல்லாராலும் முடிவதில்லை. அந்த ஆய்விலேயே பத்தில் ஒருவர்தான் 10 சதவீதத்தை எட்டினார். முடியாதவர்களைச் சோம்பேறி என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. தழும்பு இருந்து, முயன்றும் எடை இறங்காதவர்களுக்குத்தான் மருந்து.

அந்த அக்கா டீக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்தினார். முதல் வாரம் தலைவலித்தது என்றார். பால் குறைத்த காபிக்கு மாறலாமா என்று கேட்டார். காபி குடிக்கிறவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாகவே இருப்பதைப் பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள். சர்க்கரை இல்லாமல் குடித்தால் நல்லதுதான்.

2021 பிப்ரவரியில் கொழுப்பு ஈரலைத் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் மத்திய அரசு சேர்த்தது. அதே வருடம் ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தோட்டத்து லைன் வீடுகளுக்கும் வருகிறது. தழும்பு வர வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள் யார்? அந்தப் பட்டியலில் இருக்கும் சுகர்க்காரர்கள்தான். அவர்களுக்கு வருடம் ஒருமுறை எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி, பிளேட்லெட் பார்த்து, அட்டையில் ஃபிப்-4 எண்ணை எழுதிக் கொடுத்தால் யார் மலை இறங்க வேண்டும், யார் இறங்க வேண்டாம் என்பது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தெரிந்துவிடும். ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் மிச்சமாகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜீப்காரர் கோயம்புத்தூர் போய் வந்தார். ஃபைப்ரோஸ்கேன் 9.6. தழும்பு இருக்கிறது, முற்றவில்லை. பழைய சுகர் மாத்திரைகளில் எடை ஏற்றுகிற ஒன்றை நிறுத்திவிட்டு, புரட்டாசியில் வார ஊசியைத் தொடங்கினார் டாக்டர். பணத்துக்கு மகன் உதவுகிறான். முதல் மாதம் மலைப்பாதையில் வண்டி ஓட்டும்போது குமட்டல் தாங்கவில்லை என்று நிறுத்தப் பார்த்தார். “அண்ணா, டாக்டருக்கு ஒரு ஃபோன் போடுங்க, அளவை ஏத்தாம இன்னும் நாலு வாரம் ஓட்டலாமான்னு கேளுங்க” என்றேன். அப்படியே ஓட்டினார். கடை வாசலில் இருக்கும் எடை மெஷினில் ஆவணியில் 84.2 காட்டியவர் இந்தத் தையில் 78.5 காட்டினார். 6.8 சதவீதம்.

“தழும்பு போயிருக்குமா தம்பி?” என்றார் இறங்கும்போது.

எடை மெஷினுக்கு அது தெரியாது. பங்குனியில் ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். காலை முதல் பஸ்ஸில் போகிறார், வழியில் டீ குடிக்காமல்.